பலகையில் ஏழாவது வரி

உலைக்கூடத்துக்குள் நுழைகிற இடத்தில் இடது கைப்பக்கம் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ஏழு வரி இருக்கிறது. முதல் ஆறு வரியும் எந்தக் கம்பெனியிலும் இருக்கக்கூடியவை. முகக்கண்ணாடி இல்லாமல் உலைக்கு அருகில் போகாதே, கரண்டியைக் காய்ச்சாமல் உருகிய குழம்பில் விடாதே என்கிற மாதிரி. ஏழாவது வரி மட்டும் வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். "பொடி டிரம் மேல் ஈரச் சாக்கு போடாதே."

போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், சாக்கே இல்லாத கூடத்தில் சாக்கைப் பற்றி ஒரு வரி எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான். இதை எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

நான் தேசம்மா, பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவு ஊர்க்காரி. நாற்பத்தாறு வயது வரைக்கும் இறால் வியாபாரம். ஏரியிலிருந்து வருகிற இறாலை எடுத்துக் கூடையில் போட்டு, பழவேற்காடு மார்க்கெட்டுக்குச் சுமந்துபோய் விற்றேன். என் கூடை இறாலில் கெட்டுப்போய்த் தலை கறுத்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஏரி வாயில் மண் அடைத்து இறால் வரத்து குறைந்த சமயத்தில், பொன்னேரி போகிற வழியில் புதிதாக உலோகக் கம்பெனி வந்திருக்கிறது, பொடி காயவைக்கிற வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று வேன் வந்தது. ஆறு பேர் ஏறினோம். மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். மேனேஜர் ஒன்றை வெளிப்படையாகவே சொன்னார். உலை வேலையில் பெண்களை எடுக்க அவருக்கு இஷ்டமில்லை. ஒரு விபத்து நடந்தாலும் ஆறு பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டு ஆண்களை எடுத்துக்கொள்வார்.

உங்களுக்குத் தெரிந்த வேலைதான். ஆனாலும் எனக்கு அது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். கரிப்பானைக்குள் ஒரு வகை உப்பு. சமையல் உப்பு இல்லை, வேறு. மேலேயிருந்து தொங்குகிற கரிக்கட்டை வழியாக மின்சாரம் பாய்ந்து அது தண்ணீர் மாதிரி உருகி, கண் கூசுகிற மஞ்சளாகக் கொதித்துக் கிடக்கும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக நியோடிமியம் என்கிற உலோகம் அடங்கிய பொடியைப் போட வேண்டும். பொடி கரைந்து, அதிலிருந்து உலோகம் பிரிந்து சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். பொடி குறைந்தால் கரியைச் சுற்றிப் பொறி கிளம்பும், மீட்டர் முள் ஏறும், உலை உறுமும், கெட்ட வாயு வரும். பொடி அதிகமானால் கரையாமல் அடியில் சேறாக உட்காரும். மின்சாரத்தை நிறுத்தினால் குழம்பு உறைந்து பானையே வீணாகும். ஆக, உலை பசி என்று கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், அதுவும் அளவோடு. கைக்குழந்தை வளர்த்தவளுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அந்தப் பொடியின் அழகை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. டியூப் லைட்டில் வெளிர் நீலமாக இருக்கும். வெயிலுக்குக் கொண்டுவந்தால் கத்தரிப்பூ நிறமாகும். பெண்கள் ஆறு பேருக்கும் அதுதான் வேலை. அடுப்பில் பொடியைக் காயவைத்து, அந்த ஷிப்டுக்கு வேண்டியதை நான்கு நீல டிரம்மில் நிரப்பி, மூடி போட்டு வளையத்தைப் பூட்டி வைக்க வேண்டும். உலையில் போடுவது ஆண்கள் வேலை.

எங்களுக்கு மேலே ஒரு பெண் என்ஜினியர் இருந்தார். சேலத்துப் பக்கம். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் மேடம் என்றே எழுதுகிறேன். என்னைவிட இருபது வயது சின்னவர். அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். முதல் வாரம் எதையும் தொட விடவில்லை. நின்று பாருங்கள் என்றார். என்னோடு வந்த கன்னியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சினிமாவுக்கா வந்துகீறோம், நின்னு பாக்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"சினிமால கரண்டு அடிக்காதுங்க்கா. இங்க அடிக்கும். பாருங்க," என்றார் மேடம். ஈரக்கையோடு உலைப்பக்கம் வராதே, தலையில் பூ வைத்துக்கொண்டு வராதே, பூவிலும் ஈரம் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். கொதிக்கிற குழம்பில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். அதையெல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றுக்கொண்டவள்தான் இந்தத் தப்பையும் செய்தேன்.

மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனி மாதத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு ஷட்டர் வழியாகக் கூடத்துக்குள் அடித்தது. டிரம்களை நிரப்பிவிட்டோம். இரண்டில் வளையம் வளைந்திருந்ததால் மூடி சரியாகப் பூட்டவில்லை. மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. காற்றில் மண் உள்ளே போகிறதே என்று எனக்குப் பதைத்தது. இறால் கூடை சுமந்த எங்கள் ஊர்ப் பெண் எவளும் அப்போது செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு கோணிச்சாக்கை வெளியே போர் பைப்பில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த இரண்டு டிரம் மேலும் இறுக்கிப் போர்த்தினேன். எங்கள் பக்கம் கூடைமேல் ஈரச் சாக்கு இல்லாமல் மார்க்கெட்டுக்கு வருகிறவளைப் பொறுப்பில்லாதவள் என்றுதான் பேசுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் ஈரச் சாக்குக்குள் மண் போகாது.

உலைக்குத்தானே ஈரம் ஆகாது, டிரம் உலைக்கு இருபது அடி தள்ளி இருக்கிறது, தண்ணீரும் பொடிமேல் படவில்லை என்பது என் கணக்கு. பதினொரு மணிக்கு வந்து பார்த்தேன். உலைச் சூட்டில் சாக்கு மொறமொறவென்று காய்ந்திருந்தது. அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். நல்ல வேலை செய்தேன் என்று மனதில் ஒரு திருப்தி.

அந்தப் பொடிக்குத் தாகம் உண்டு என்று எனக்குத் தெரியாது. காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கிற பொடி அது. தலைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூன்று மணி நேரம் வைத்தால் கேட்க வேண்டுமா?

டிரம்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் இரண்டு உலைக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஓடியது இரண்டு உலைதான். முதல் உலையில் மேடமே நின்று, பொடி போடுகிற கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்த டிரம்மிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம். குழம்பு மேலே எழும்பித் தெறித்தது. முகக்கண்ணாடியில் பட்டு வழிந்தது, கையுறையில் பட்டது, ஒரு துளி மட்டும் காலருக்குள் விழுந்தது. அவர் கத்தவில்லை. பின்னால் நகர்ந்து, மின்சாரத்தை நிறுத்தி, கரியைத் தூக்கச் சொன்னார். பிறகுதான் கழுத்தில் கை வைத்தார். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வெந்திருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். பொடி அனுப்பியவன் சரியில்லை, இந்த டிரம்மை ஒதுக்கு என்றார். அந்த நேரம் பார்த்து இரண்டாவது உலை உறும ஆரம்பித்தது. கரியைச் சுற்றிப் பொறி தெரிந்தது. அதில் நின்றவன் ஏழுமலை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவன். வியர்வை தாங்காமல் முகக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொள்வது அவன் வழக்கம்.

"வேற டிரம்முல எடுத்துப் போடுப்பா. இதுவும் போச்சுன்னா இன்னைக்கு ரெண்டு பானையும் போச்சு," என்றார் மேனேஜர்.

நான் டிரம்களுக்குப் பக்கத்தில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒதுக்கி வைத்த டிரம்மின் வாய்க்குக் கீழே, நீலப் பெயிண்ட் மேல், வெள்ளையாக ஒரு கோடு சுற்றிவர ஓடியிருந்தது. உப்பு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சாக்கிலிருந்து கசிந்த ஈரம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மீதி மூன்று டிரம்மைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்ததில் அதே கோடு. மற்ற இரண்டிலும் இல்லை.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துக் கன்னியம்மாவுக்கும் புரிந்துவிட்டது. காலையில் சாக்கை நனைக்கும்போது பைப்பைத் திறந்துவிட்டவளே அவள்தான். என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

"யக்கா, வாய மூடிகினு இரு. ஆறு பேரு பொயப்பு."

அவள் சொன்னதில் தப்பில்லை. வேனில் வந்த ஒவ்வொருத்தியின் வீடும் எனக்குத் தெரியும். பொடி அனுப்பியவன் மேல் பழி போய்விட்டது. யாரோ முகம் தெரியாதவன். அந்த வெள்ளைக் கோடு மட்டும் இல்லாவிட்டால் எங்களை ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. கையில் துணி இருந்தது. ஒரு சுற்று துடைத்தால் போதும்.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் கை போயிற்று. துணியோடு, முன்னால் இருந்த டிரம்மின் விளிம்பு வரைக்கும் போயிற்று.

அதே டிரம்முக்கு ஏழுமலையின் கரண்டியும் வந்தது.

"இன்னாக்கா, டிரம்ம குளிப்பாட்டுறியா? அப்பால தொடச்சிக்க. அது பசியில கத்துது பாரு."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. வியர்வை வழிகிற முகம், அதில் ஒரு சிரிப்பு. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. நான் துணியைப் போட்டுவிட்டு அவன் கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்த போடாத."

"உடுக்கா. மேனேஜர் சொல்லிட்டாரு."

"இதுல ஈரம் ஏறிகீது. நான்தான் காலைல ஈரச் சாக்கு போட்டேன். கரண்டிய உடு ஏழுமலை."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேடம் வந்துவிட்டார். ஒரு கை கழுத்தில் இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் திட்டவில்லை. கேள்வி கேட்டார்.

"எத்தன டிரம்மு?"

"ரெண்டு, மேடம்."

"எந்த ரெண்டு?"

"உப்புக் கோடு கீதே, அது ரெண்டும்."

"மத்த ரெண்டு?"

"அதுல சாக்கு படல. மூடி பூட்னது. எம் புள்ள மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாங்க்கா. பூட்டுனது யாரு?"

"நான்தான். என் கையால பூட்னேன்."

"அது போதும்," என்றார்.

பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். என்னை நம்பினார். ஆனால் டிரம்மை நம்பவில்லை. எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். ஏழுமலையிடம், "கண்ணாடிய எறக்கிட்டுத் தள்ளி நில்லுங்க," என்றார். கோடு இல்லாத டிரம்மைத் திறந்து, நீளக் கரண்டியின் நுனியில் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து, தன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி நின்று போட்டார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சிட்டிகை. ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் அரைக் கரண்டி. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மீட்டர் முள் இறங்கியது. உலை உறுமிக்கொண்டிருக்கும்போது சிட்டிகை போட்டுப் பார்க்கிற பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பின்னால் நானும் பல வருஷம் உலையில் நின்றேன். அவசரம் வந்தபோதெல்லாம் அந்த முதல் சிட்டிகைதான் எனக்கு ஞாபகம் வரும்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஆறு பேரும் வெளியே வேன் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"பெரிய ஞாயக்காரி. உம் பேச்ச யாரு கேட்டா? நாளைக்கு வந்து எங்க ஊட்டுக்கும் சோறு ஆக்கிப் போடு," என்றாள் கன்னியம்மா.

ஐந்து குடும்பத்தின் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். மேனேஜர் அறையில் மேடம் கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த காகிதம், ஆறு வரி. மேனேஜர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "நான் அப்பவே சொன்னேன்மா. இதுக்குத்தான் வேண்டாம்னேன்," என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். "ஈரச் சாக்கு போடக் கூடாதுன்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களாக்கா?"

"இல்ல மேடம்."

"பொடி ஈரத்தக் குடிக்கும்னு?"

"அதுவும் இல்ல."

அவர் அந்தக் காகிதத்தை மேனேஜர் பக்கம் தள்ளினார். "இத எழுதினது நான் சார். உலைக்கு ஈரம் ஆகாதுன்னு எழுதினேன். பொடிக்கு ஆகாதுன்னு எழுதல. வளையம் வளைஞ்ச டிரம்ம ஒதுக்காம வெச்சதும் நான்தான். ரிப்போர்ட்ல மொதல்ல என் பேரு. அதுக்குக் கீழ, தப்பு நடந்தத அவங்களாவே சொன்னாங்கன்னு தேசம்மாக்கா பேரு."

"உங்க வேலைக்குத்தான்மா கெட்ட பேரு."

"இருக்கட்டும் சார். சொன்னவங்கள வெளிய அனுப்பிட்டா, அடுத்த தடவ ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நாம எந்த டிரம்முன்னு தேடறது?"

மேனேஜர் அந்தக் காகிதத்தை எடுத்து மேடத்திடமே திருப்பிக் கொடுத்தார். பத்து நாள் இருக்கிறதே, போய் வேலையைப் பாருங்கள் என்றார். அந்தப் பத்து நாள் முடிந்து, பிறகு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மேடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருஷம் அவருக்குக் கிடைக்க வேண்டிய உயர்வு கிடைக்கவில்லை. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் சொல்லித் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து பெயிண்ட் டப்பாவோடு பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "பொடி ஈரப்பதத்தை உறிஞ்சும் தன்மை கொண்டதுன்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"அத்த படிச்சா எங்களுக்கு இன்னா புரியும் மேடம்? நான் செஞ்சத அப்பிடியே எழுதுங்க. ஈரச் சாக்கு போடாதேன்னு."

அப்படியே எழுதினார். அதுவரை நான் கைநாட்டு. ஒவ்வொரு எழுத்தையும் எழுதும்போது வாய்விட்டுச் சொன்னார். தினமும் உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஏழாவது வரியில் ஆரம்பித்துத்தான் மற்ற ஆறு வரியையும் படித்தேன். என்னை உலைக்கு முன்னால் நிறுத்திப் பொடி போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

கன்னியம்மா நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் வேனில் தானே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "நீ மட்டும் வாய மூடிகினு இருந்தா இந்த ஏழுமலை மூஞ்சி இன்னா ஆயிருக்கும்?" என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள். "இப்ப மட்டும் இன்னா வாழுது? எங்க நைனாவே இந்த மூஞ்சிய பாக்க மாட்டேன்றாரு," என்பான் அவன். இப்போதும் உங்கள் ஷிப்டில்தான் இருக்கிறான், கண்ணாடியை இன்னும் நெற்றிக்குத் தள்ளுகிறான் என்று கேள்வி. நான் சொன்னேன் என்று சொல்லி அவனை அதட்டுங்கள்.

நான் ஓய்வுபெற்ற அன்றைக்கு மாலை போட்டு, கேக் வெட்டினார்கள். மேடம் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப்போய் நெடுநாளாகிவிட்டது. சாயங்காலம் போன் பண்ணினார். பேசிக்கொண்டே இருந்தவள், இத்தனை வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"மேடம், நீங்க நெனக்கிற மாரி நான் உடனே சொல்லல. கோட்ட தொடச்சிடலாம்னு கை போச்சு. ஏழுமலை மட்டும் வரலன்னா தொடச்சிருப்பேனோ இன்னாவோ. நீங்க என் பேர நல்லபடியா எழுதிட்டீங்க. அதான் உறுத்திகினே கீது."

"தெரியுங்க்கா," என்றார். "கழுத்தப் புடிச்சுட்டு நான் அங்கதான நின்னேன். துணியோட உங்க கை போனதப் பாத்தேன். என்ன தொடைக்கறாங்கன்னு அப்பப் புரியல, நீங்க சொன்னதுக்கப்புறம் புரிஞ்சுது. கை போனதையும் பாத்தேன், நின்னதையும் பாத்தேன். ரெண்டையும் பாத்துட்டுத்தான் உங்க பேர எழுதினேன்."

பலகைக்குப் பெயிண்ட் அடிக்கிற அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்ற ஆறு வரியையும் நல்ல எழுத்துக்காரரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது வரியை நான் வந்து எழுதித் தருகிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். நேரமும் ஆகும்.